துணியை அவிழ்த்தது யார்

நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். டிங், டிங், டிங். ஒரு பிள்ளை தட்டினால் அது வெறும் சத்தம். ஒரு வகுப்பே சேர்ந்து ஆளுக்கொரு பாட்டிலைத் தட்டினால் ஓட்டுக் கூரையில் கோடை மழையின் முதல் துளிகள் விழுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. இப்போது நீ மடியில் இருக்கிற பாட்டிலைத் தட்டினாயே, அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா.

என்ன அது, தலைப்பிரட்டையா? டீச்சரா நீ? நினைத்தேன். பஸ்ஸில் தலைப்பிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவள் வேறு யாராக இருக்க முடியும்? கொஞ்சம் தள்ளி உட்கார். வண்டி இப்போதைக்குக் கிளம்பாது. டயர் மாற்ற இறங்கிய டிரைவர் அதோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

நானும் டீச்சர்தான். கமலவேணி. ரிட்டயராகி ரொம்ப நாளாகிறது. வெறும் டீச்சர் இல்லை, விலங்கியல் படித்தவள். பாளையங்கோட்டையில் கல்லூரி. கரப்பான் பூச்சியை அறுத்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கிழியாமல் எடுத்து வைப்பேன். வகுப்பில் வேறு யாருக்கும் அது வராது. 'உன் கை டாக்டர் கை' என்று பேராசிரியை சொன்னார். அந்தக் கையை எங்கள் அப்பா பார்த்தார். மேலே படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்றார். ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டார். டாக்டர் கை முப்பது வருஷம் கரும்பலகையில் அ, ஆ எழுதியது. புலம்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளி இரண்டே கட்டிடம், ஒரு வேப்பமரம். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல். ஆண்கள் வேலை தேடி வெளியூர் போவார்கள், பெண்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார்கள். பிள்ளைகள் எங்களிடம் வரும். ஐந்தாம் வகுப்பு எனக்கு. அறிவியல் பாடம் என்றால் என்ன தெரியுமா? கொசுவின் வாழ்க்கை, நாலு வட்டம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. வட்டம் போட்டு அம்புக்குறி போட வேண்டும். அம்புக்குறி நேராக இருந்தால் ஐந்து மார்க். கொசுவைப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கக் கடி வாங்கிவிட்டுக் காலையில் வந்து கொசுவைப் புத்தகத்தில் பார்ப்பார்கள் பிள்ளைகள்.

அப்புறம்தான் அந்தப் பயிற்சி வந்தது. இனி எல்லாம் கையால் செய்து கற்க வேண்டும் என்று ஒன்றியத்தில் எங்களையெல்லாம் கூட்டிவைத்துச் சொன்னார்கள். மற்ற டீச்சர்கள் முனகினார்கள். 'இருக்கிற பாடத்தை நடத்தவே நேரமில்லை, இனி செடியையும் பூச்சியையும் நாமதான் மேய்க்கணும் போல' என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் பூட்டி வைத்த பெட்டியை யாரோ வந்து திற என்கிறார்கள்.

என்னென்ன செய்தோம்! செம்பருத்தியைப் பிரித்து இதழ் வேறு, மகரந்தம் வேறு, சூல்பை வேறாகத் தாளில் ஒட்டினோம். எருக்கஞ்செடியிலிருந்து வரிப்புழுவைக் கொண்டுவந்து அட்டைப்பெட்டியில் வளர்த்தோம். அது கூடு கட்டித் தொங்கியது. பச்சை மணி மாதிரி, அதில் தங்கப் பொட்டு வைத்த மாதிரி. தங்கமா டீச்சர், உரசிப் பார்க்கலாமா என்று ஒரு பையன் கேட்டான்.

என் வகுப்பில் ஒரே ஒரு விதிதான். பார்த்ததை மட்டும் சொல். ஒருநாள் ஒரு பெண் அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டுவந்து முழித்துக்கொண்டு நின்றாள். என்ன என்றேன். 'புக்குல அஞ்சு இதழ்னு போட்டிருக்கு டீச்சர். இதுல எண்ண முடியல.' புத்தகம் கிடக்கட்டும், உன் கையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல் என்றேன். 'நிறைய டீச்சர்' என்றாள். எழுது, நிறைய என்று எழுது என்றேன். அன்று முதல் அவளுக்கு அது வேதவாக்கு. பார்த்ததுதான் சொல்வாள். யார் முகத்துக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டாள்.

அவள் பெயர் மாரீஸ்வரி. அம்மா செல்லத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்குகிறவள். அப்பா திருப்பூரோ எங்கேயோ. மூன்று வயதில் ஒரு தங்கச்சி, பேச்சி. பால்வாடி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு மாரீஸ்வரி பேச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பெஞ்சுக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கும் அது. எழுந்தால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும். சொல்வதற்கென்ன, பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர்.

பியூலாவைச் சொல்ல மறந்துவிட்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தற்காலிகமாகப் போட்ட டீச்சர். சின்னப் பெண், சுருட்டை முடி. மூன்றாம் வகுப்பு அவளுக்கு. நான் செய்கிற செயல்பாட்டையெல்லாம் வாசலில் நின்று பார்ப்பாள். 'நானும் ஒட்டட்டுமா டீச்சர்' என்று கேட்டுக்கொண்டு வருவாள். கத்தரிப்பாள், ஒட்டுவாள், கூட்டிப் பெருக்குவாள். நல்ல பெண்தான். பயந்தாங்கொள்ளி.

அந்த வருஷம் ஏ.இ.ஓ. அம்மா, எங்கள் ஒன்றியத்துக் கல்வி அதிகாரி, பள்ளியைப் பார்வையிட வந்து என் வகுப்பில் அரைமணி நேரம் நின்றார். போகும்போது, 'கமலவேணி, மாவட்டக் கண்காட்சிக்கு உங்க ஸ்கூல்தான். ஒரு உயிரோட வாழ்க்கைச் சுழற்சியை உயிரோட காட்டணும். ஒரு பிள்ளை நின்னு விளக்கணும். அதுல ஜெயிச்சா நல்லாசிரியர் விருதுக்கு உங்க பேரை நானே எழுதறேன்' என்றார். ஹெட்மாஸ்டர் தர்மராஜ் சார் கேட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, 'டீச்சர், இனி ஸ்கூல் உங்க கையில' என்றார்.

வண்ணத்துப்பூச்சி காட்டலாம் என்றால் எருக்கஞ்செடியில் புழுவே இல்லை. கோழிக்குஞ்சுக்கு நாளாகும். நான் யோசித்தேன். எங்கள் ஊரில் செலவில்லாமல், வீட்டுக்கு வீடு, வேண்டிய மட்டும் கிடைக்கிற உயிர் எது? குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். எல்லார் வீட்டிலும் சிமெண்டுத் தொட்டி, டிரம், வாய் உடைந்த பானை. எல்லாவற்றிலும் கூத்தாடி. கொசுப்புழுவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வளைந்து வளைந்து ஆடும் இல்லையா?

பிள்ளைகள் ஊறுகாய் பாட்டிலிலும் டானிக் பாட்டிலிலும் கொண்டுவந்தார்கள். ஜன்னல் மேடை நிறைந்துவிட்டது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலால் மூச்சு விடுவதைக் காட்டினேன். நகத்தால் தட்டச் சொன்னேன். தட்டினால் அத்தனையும் ஒரே சமயத்தில் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு! ஒவ்வொரு பாட்டிலுக்கும் துணி கட்டினோம். என் வீட்டுப் பழைய கொசுவலையைக் கிழித்துக் கொடுத்தேன். பியூலா உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரப்பர் பேண்டு போட்டாள். அதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். துணி கட்டிக் கொடுத்தேன். துணி இல்லாமல் ஒரு பாட்டில்கூட என் வகுப்பில் இல்லை.

கொசு வெளியே வந்ததும் ஒரு பையன் துணிக்குள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான். 'டீச்சர், கால்ல வெள்ளை வளையல் போட்டிருக்கு.' பார்த்தாயா, புத்தகத்தில் வளையல் கிடையாது! எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், ஏடிஸ் ஈஜிப்டை என்று. பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டை வைக்கும். அந்தப் பெயரைப் பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஊராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கொசுவின் முழுப் பெயரைச் சொல்கிறது! எந்தப் பெரிய பள்ளியில் சொல்வார்கள்?

ஒரு குறை இருந்தது. கூட்டுப்புழு கிழிந்து கொசு வெளியே வருகிற அந்த நேரத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. சனி, ஞாயிறில் வந்துவிடும், இல்லாவிட்டால் விடிவதற்குள் வந்துவிடும். காலையில் வந்தால் காலிச் சட்டை மிதக்கும். அதைப் பார்க்காமல் எப்படி ஒரு பிள்ளை நடுவர் முன்னால் நின்று விளக்கும்? மனப்பாடம் செய்து ஒப்பிப்பதா? அதற்கு நாலு வட்டமே போதுமே!

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன். அவரவர் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு போங்கள். வீட்டில் இன்னும் புழு இருந்தால் அதையும் விட்டுவையுங்கள், கொட்ட வேண்டாம். யார் முதலில் கண்ணால் பார்த்து வந்து சொல்கிறார்களோ, அவர்தான் விருதுநகர் கண்காட்சியில் மைக் முன்னால் பேசுவது.

பியூலா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். 'டீச்சர், வீட்டுக்கு வேண்டாம் டீச்சர். மழைக்காலம் வருது. எங்க தெருவுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல்.'

'உங்கள் தெரு எங்கே, இந்த ஊர் எங்கே' என்றேன். 'இந்த ஊர்த் தொட்டியில் நாம் போய்ப் புழு விடவில்லை பியூலா, அங்கே இருக்கிறதைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.' அவள் தன் வகுப்புக்குப் போய்விட்டாள். பன்னிரண்டாம் வகுப்பும் டீச்சர் ட்ரெயினிங்கும் படித்தவள், என்னிடம் என்ன பேசுவாள்?

மறுவாரம் செல்லத்தாய் வந்தாள். கையெல்லாம் தீக்குச்சி மருந்து வாடை. வாசலிலேயே நின்றுகொண்டு ஆரம்பித்தாள். 'ஏன் டீச்சரம்மா, நல்லாத்தான படிச்சுட்டு இருந்தா? இப்ப தொட்டியக் கழுவ விட மாட்டேங்காளே! நான் வெள்ளிக்கு வெள்ளி தேச்சுக் கழுவுறவ. தொடப்பத்த எடுத்தா, டீச்சர் கொட்டக் கூடாதுன்னாக, கொசு பொறக்கப் போவுதுன்னு ஒப்பாரி வைக்கா. எம்மக பள்ளிக்கூடத்துல படிக்காளா, கொசுவுக்குப் பிரசவம் பாக்காளா?'

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தர்மராஜ் சார் அறைக்குள்ளேயிருந்து சிரித்தார். நான் அவளை உட்கார வைத்து அமைதியாக எடுத்துச் சொன்னேன். ஒரு வாரம் பொறுத்துக்கொள் செல்லத்தாய், உன் மகள் மாவட்டம் போகிறாள், மைக்கில் பேசப் போகிறாள். அவள் முகம் மாறியது. 'மைக்குலயா? எம்மகளா?' என்றாள். 'சரி டீச்சர், படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று போனாள். பாமர ஜனங்களுக்கு எடுத்துச் சொல்கிற விதத்தில் சொன்னால் புரியும். அதைத்தான் நீயும் உன் பள்ளியில் செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை காலை. பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கிறது. மாரீஸ்வரி வரிசையை விட்டு ஓடி வருகிறாள், பால்வாடியில்கூட விடாமல் இடுப்பில் பேச்சி. 'டீச்சர், பாத்தேன் டீச்சர்!'

என்ன பார்த்தாய், சொல் என்றேன்.

'மேல வந்து அசையாம நின்னுச்சு டீச்சர். முதுகு கிழிஞ்சுது. உள்ள இருந்து தலையத் தூக்குச்சு. அப்பறம் கைய எடுக்கிற மாதிரி ஒவ்வொரு காலா எடுத்துச்சு. கழட்டிப் போட்ட சட்டை மேலயே நின்னுச்சு. தண்ணி மேல நிக்கு டீச்சர், காலே நனையல! றெக்க கசங்கி இருந்துச்சு. காய்ஞ்ச ஒடனே பறந்து போயிருச்சு.'

யாரோ கேட்டார்கள், பியூலாவாகத்தான் இருக்கும், 'பறந்து போச்சா? துணி?'

'துணி இருந்தா மங்கலாத் தெரியுது டீச்சர். அவுத்துட்டுத்தான் பாத்தேன். எல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. பேச்சியும் பாத்தா. டாட்டா காட்டுனா.'

காலே நனையல! நான் மூன்று வருஷம் விலங்கியல் படித்தும் இப்படி ஒரு வரி எழுதியதில்லை. அவளை அப்படியே அணைத்துக்கொண்டேன். பியூலா மட்டும் எதையோ பறிகொடுத்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பொறாமை என்று நினைத்தேன். இருக்கலாம்தானே? அவள் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் அவரை விதை முளைப்பதிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

கண்காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். பெரிய பெரிய பள்ளிகள், மின்சார மோட்டார், எரிமலை, சுற்றுகிற சூரியக் குடும்பம். நடுவில் எங்கள் மேஜை. பாட்டில், பூதக்கண்ணாடி, எண்ணெய் தேய்த்து ரெட்டைச் சடை போட்ட ஒரு கறுப்புக் குட்டி. நடுவர் குனிந்து கேட்டார், 'இது என்ன கொசும்மா?' 'ஏடிஸ் ஈஜிப்டை சார். கால்ல வளையல் போட்டிருக்கும். பகல்லதான் சார் கடிக்கும்.' 'நீ பார்த்தியா, டீச்சர் சொன்னாங்களா?' 'நானே பாத்தேன் சார்.' முதல் பரிசு. கோப்பையை அவள் கையில் கொடுத்தார்கள், அவள் என் கையில் கொடுத்தாள். பொங்கல் முடிந்து மாநிலப் போட்டி. ஏ.இ.ஓ. அம்மா என் தோளில் கை வைத்தார். அப்பா இருந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஊரில் காய்ச்சல். பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போட்டார்கள். எல்லா வருஷமும் மழையோடு காய்ச்சல் வரும், அதில் என்ன மர்மம்? வகுப்பில் பாதிப் பேர் இல்லை. மாரீஸ்வரிக்கும் வந்தது, போயிற்று. பேச்சிக்கு வந்தது. சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை கஞ்சி கேட்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அதற்கு மறுநாள் மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். வழியிலேயே போய்விட்டது.

நான் போனேன். போகாமல் இருப்பேனா? செல்லத்தாய் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில், ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவள் பாட்டுக்குத் தொட்டிக்குள் இறங்கி நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள்.

அப்புறம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். வீடு வீடாகப் போனார். போன வீட்டிலெல்லாம் பாட்டில். சாமி படத்துக்குப் பக்கத்தில், அடுப்படியில், கட்டிலுக்கடியில். பிள்ளைகள் ஒளித்தும் வைத்திருக்கிறார்கள், அம்மா கொட்டிவிடுவாள் என்று. சிலதில் துணி இருந்தது, சிலதில் இல்லை. ஏன் வளர்க்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பதில், டீச்சர் சொன்னாங்க. எந்த டீச்சர் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. டீச்சர் என்று மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நீ சொல், நீயும் அறிவியல் நடத்துகிறவள்தானே. புதிதாகப் பிறந்த கொசுவில் நோய் இருக்குமா? நோய் உள்ளவனைக் கடித்து, அது உடம்பில் ஊறி, அப்புறம் இன்னொருவரைக் கடித்தால்தானே? அந்த ஊரில் எத்தனை தொட்டி, எத்தனை பானை, எத்தனை தேங்காய்ச் சிரட்டை! பேச்சியைக் கடித்தது என் பாட்டில் கொசு என்று எதை வைத்துச் சொல்வது? கொசுவுக்கு இனிஷியல் உண்டா? அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை.

விசாரணைக்கு ஏ.இ.ஓ. அம்மா வருகிறார் என்று தகவல் வந்தது. தர்மராஜ் சார் என்னையும் பியூலாவையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை. 'பியூலா, உனக்கு சர்வீஸ் ரெஜிஸ்டர் கிடையாது. உன் மேல எதுவும் ஏறாது. டீச்சருக்குன்னா விருது போகும், ரிக்கார்டுல நிக்கும். பாட்டில்ல துணி கட்டினது நீதானம்மா? வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னதும் நீதான்னு சொல்லிரு. ரெண்டு மாசம் கழிச்சு நானே திரும்ப எடுத்துக்கறேன்.'

பியூலா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று தலைவலி. 'சரி சார்' என்றாள். அவளாகத்தான் சொன்னாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பிள்ளைகளிடம் நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று மட்டும் சொன்னேன். நல்ல பழக்கம்தானே?

என் வகுப்பில் வைத்துத்தான் விசாரணை. ஏ.இ.ஓ. அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள், செல்லத்தாயும் நின்றாள். தர்மராஜ் சார் சொன்னார், பியூலா தலையைக் குனிந்துகொண்டு 'ஆமா மேடம்' என்றாள். முடிந்தது என்று நினைத்தேன். ஏ.இ.ஓ. அம்மா பேனாவை எடுத்தார். எடுத்தவர் சும்மா ஒரு பேச்சுக்கு, 'என்ன பிள்ளைங்களா, அப்படித்தானே?' என்றார்.

மாரீஸ்வரி எழுந்தாள். தங்கை போன பிறகு அன்றுதான் வகுப்புக்கு வந்திருந்தாள். யாரும் கூப்பிடாமல், கேட்காமல், எழுந்தாள்.

'இல்ல மேடம். பியூலா டீச்சர் சொல்லல. கமலவேணி டீச்சர்தான் சொன்னாங்க. பியூலா டீச்சர் வராந்தாவுல வேண்டாம்னாங்க. நான் பாத்தேன்.'

நினைத்துப் பார் அம்மா. யாருக்காக நான் இவ்வளவும் செய்தேன்? யார் அவளை மைக் முன்னால் நிறுத்தியது? கையில் கோப்பை கொடுத்தது? வகுப்பில் அத்தனை பேர் பார்க்க, என் முகத்தைப் பார்த்து, என் பெயரைச் சொல்கிறாள். குரல்கூட நடுங்கவில்லை. நடுவர் முன்னால் எப்படிச் சொன்னாளோ அப்படியே.

'துக்கத்தில் உளறுகிறாள் மேடம்' என்றேன். ஏ.இ.ஓ. அம்மாவின் பேனா அப்படியே நின்றது. நான் என்ன செய்வேன்? உண்மை என்றால் முழு உண்மையும் வர வேண்டாமா? பாதியில் நின்றால் அது அறிவியலா? அதனால் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, பாடம் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

'மாரீஸ்வரி, பாட்டிலில் துணி கட்டிக் கொடுத்தோமா இல்லையா?'

'கட்டிக் குடுத்தீங்க டீச்சர்.'

'துணியை அவிழ்த்தது யார்?'

அவள் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

'பார்த்ததைச் சொல்லத் தெரிகிறதல்லவா, இதையும் சொல். துணியை அவிழ்த்தது யார்?'

'நாந்தான் டீச்சர்.'

'கொசு பறந்து போகும்போது பக்கத்தில் யார் இருந்தது?'

'பேச்சி.'

உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். ஏ.இ.ஓ. அம்மா பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தர்மராஜ் சாரிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஜீப் போகிற வரைக்கும் யாரும் அசையவில்லை.

நான் கேட்டதில் பொய் இருக்கிறதா, சொல். ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா?

ஆனால் தண்டனை எனக்கு. வாடகைக்கு இருக்கிறவனைக் காலி செய்யச் சொன்னால்கூட ஒரு மாசம் அவகாசம் தருவார்கள். எனக்கு மறுவாரமே மாறுதல், பஸ்ஸே போகாத ஊருக்கு. ஒன்றும் இரண்டும் படிக்கிற குழந்தைகள், அங்கே அறிவியலே கிடையாது. மாநிலப் போட்டிக்கு எரிமலை செய்த பள்ளியை அனுப்பினார்கள். விருது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ரிட்டயராகிற அன்று ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் சால்வையும். பேசிய எல்லோரும் 'கடமை தவறாதவர்' என்றார்கள். விலங்கியல் படித்தவர் என்று ஒருத்தர் சொல்லவில்லை.

பியூலாவையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள், திரும்ப எடுக்கவில்லை. கோவில்பட்டி ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நிற்கிறாள். போன தீபாவளிக்குப் போயிருந்தேன். 'வாங்க டீச்சர்' என்றாள். மரியாதை குறையவில்லை. துணியை மடித்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்த்துப் பேசவில்லை. கூட்டம் அப்படி. நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைக்கூட மன்னித்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளை, அதற்கு நன்றி என்றால் என்ன தெரியும்? வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதோ டிரைவர் எழுந்துவிட்டான். பாட்டிலை நன்றாகப் பிடித்துக்கொள். உன் பிள்ளைகளைத் தவளை வரும்வரை பார்க்கச் சொல், நல்ல பாடம் அது. பயப்படாதே, ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தால் ஒன்றும் நடத்த முடியாது.

யார், மாரீஸ்வரியா? அவளை ஏன் கேட்கிறாய்?

விசாரணை நடந்த அன்றைக்கு மத்தியானமே செல்லத்தாய் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டினாள். வயது வந்ததும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பையன் இருக்கிறான். அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாமியார்தான் பள்ளிக்குள்ளே கூட்டிப் போனாளாம். தாயின் கையெழுத்து வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அவள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டே காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, கம்பி வழியாக வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளாம். உள்ளே வரவில்லை.